ஒரு திருகாணி குறையாமல்

"எனக்கு என்சி வேணும்ப்பா."

தேநீர்க் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோன குபாத்தின் கை பாதி வழியில் நின்றது. தம்பி திலெக் ரொட்டியில் பாலாடை தடவுவதை நிறுத்தினான். சமோவார் குழாயை மூட மறந்த அம்மா ஜூரா, கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்த பிறகுதான் "ஐயோ" என்றாள்.

எத்தனை முறை சொல்லியிருப்பாள் ஜூரா. "எதை வேணும்னாலும் கேளு. மெத்தை கேளு, பீரோ கேளு, கம்மல் கேளு. அந்த வார்த்தையை மட்டும் உங்கப்பா முன்னாடி எடுக்காதே. பொட்டப்புள்ள வாயில வரக்கூடாத வார்த்தை அது."

என்சி மகன்களுக்கு உரியது. தனிக்குடித்தனம் போகிற மகனுக்கு அப்பன் பிரித்துக் கொடுக்கிற பங்கு. முன்பெல்லாம் ஆடும் குதிரையும். இப்போது கார், மனை, கடை. மகளுக்குச் சீர் உண்டு. தைத்து அடுக்கிய மெத்தைகளும் அவற்றை வைக்க ஒரு மரப்பெட்டியும். அத்தோடு அவள் கதை முடிந்தது. நாரின் என்கிற இந்த மலை நகரத்தில் யாரும் இதைச் சட்டம் போட்டுச் சொல்லித் தருவதில்லை. தெரிந்துகொண்டுதான் பிறக்கிறார்கள் என்று நினைப்பு.

பெரிஸாத்துக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"என்ன கேட்டே?" குபாத் கிண்ணத்தை இறக்கி வைத்தார்.

"என்சி. ஆடு வேணாம், மாடு வேணாம், இந்த வீட்டுல ஒரு செங்கல் வேணாம். பட்டறையில இருக்கிற மிஷின் மட்டும் போதும்."

"அது திலெக்கோடது."

"அதைத்தான் கேக்கறேன். எப்படி அவனோடதாச்சு?"

"நான் அவனுக்கு வாங்கினேன். அதனால அவனோடது. பட்டம் வாங்கின பொண்ணுக்கு இதுல எது புரியலை?"

வாங்கியது உண்மைதான். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. தொருகார்ட் கணவாய் வழியாகச் சீனாவுக்கு லாரி ஓட்டிய காலத்தில், காஷ்கரிலிருந்து திரும்பிய ஒரு நடையில், கூரை ஓடுகளுக்கு நடுவே வைத்து அவர் கொண்டுவந்த சின்ன சி.என்.சி. எந்திரம் அது. கணினியில் வரைந்ததை மரத்தில் செதுக்கித் தரும் என்று கடைக்காரன் சொன்னான். கதவில் பூ செதுக்கிச் சம்பாதிக்கிறேன் என்று திலெக் துள்ளினான். துள்ளல் ஒரு மாதம். அதன்பின் அதன்மேல் குதிரைச் சேணம் உட்கார்ந்தது.

பிஷ்கெக்கில் எந்திரப் பொறியியல் படித்து, அங்கேயே கொஞ்ச நாள் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரிஸாத்தான் சேணத்தை இறக்கி வைத்தவள். இறக்கியவள் சும்மா இருக்கவில்லை. தகரம் மாதிரி ஆடிய சட்டத்தை மாற்றினாள். எந்திரத்தின் தலை ஓடிய வழுக்குக் கம்பிகளைத் தூக்கிவிட்டுச் சதுர ரெயில் போட்டாள். மரையில் 'ப்ளே' விழுந்து லொடலொடத்த பழைய ஸ்க்ரூவுக்குப் பதில் உள்ளே குண்டு உருளும் பால் ஸ்க்ரூ. பொம்மை மோட்டார்களுக்குப் பதில் இழுக்கத் தெரிந்த மோட்டார்கள். வெட்டுமுனையைச் சுழற்ற, தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில், புது கன்ட்ரோல் பெட்டி. எல்லாம் அவள் சம்பளம், அவள் கை. மரத்தைக் கீறவே மூச்சு வாங்கியது இன்று பித்தளையை வெண்ணெய் மாதிரி வெட்டியது.

இந்த வீட்டில் அதற்குப் பெயர், "பெரிஸாத் சும்மா நோண்டிட்டு இருக்கா."

இதுவரை அதுவும் அவளை உறுத்தவில்லை. உறுத்தியது போன வாரம். திலெக்குக்குப் பேசி முடித்த அத்-பாஷி ஊர்ப் பெண் நூரிஸாவின் வீட்டாரிடம், "மாப்பிள்ளை சொந்தமா சி.என்.சி. பட்டறை வச்சிருக்கான்" என்று அப்பா சொன்னதை அவள் தன் காதால் கேட்டாள். இன்று மதியம் அந்தச் சம்பந்தி வீடு பார்க்க வருகிறார்.

"அப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க வாங்கினதுல இப்ப அங்க என்ன மிச்சம் இருக்கு? ஒண்ணு காட்டுங்க. ஒரே ஒரு திருகாணி காட்டுங்க, நான் வாயை மூடிக்கறேன்."

திலெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அதை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினான்.

குபாத் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேநீர் போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சம்பந்தி வர்ற நேரத்துல இந்த வார்த்தை இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. வெளியில துப்பிட்டு வா." தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"கேட்டுட்டியா? திருப்தியா?" என்றாள் ஜூரா, நனைந்த விரிப்பைப் பிழிந்தபடி.

"இல்லைம்மா. பதில் இன்னும் வரலை."

*

சமையலறையில் ஜூராவின் கை மாவைப் பிசைந்தது, வாய் மகளைப் பிசைந்தது.

"உன் வயசுல நான் ரெண்டு பெத்துட்டேன்."

"அதுல ஒண்ணுதாம்மா இப்ப எதிர்ல நின்னு வெங்காயம் உரிக்குது."

"பேசு, நல்லா பேசு. மாமியார் வீட்டுல போய் இப்படிப் பேசினா ரெண்டாம் நாளே மெத்தையோட திருப்பி அனுப்புவாங்க."

"மெத்தை எனக்குத்தானே? அப்ப நஷ்டமில்லை."

ஜூரா அவள் தோளில் மாவுக் கையாலேயே ஒன்று வைத்தாள். அடி விழுந்த இடத்தில் வெள்ளையாக ஐந்து விரல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடியே, கடைசிப் பிள்ளைக்குத்தான் வீடு. வீட்டோட பட்டறை. பட்டறையோட மிஷின். உங்கப்பா புதுசா கண்டுபிடிச்ச ஞாயமா இது? நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயிடுவே. அவன் வீட்டுல ஏதாவது இருக்கும்."

"என்ன இருக்கும்?"

"ஏதாவது."

அந்த 'ஏதாவது' பெரிஸாத்தின் நெஞ்சில் முள்ளாக நின்றது. தன் வாழ்க்கைக்கு அம்மாவிடம் இருக்கிற முழுத் திட்டமும் அந்த ஒரு சொல்தானா?

அப்போது குபாத் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்த கறிக்காக எடுத்து வைத்த செம்மறி வால்கொழுப்பில் ஒரு பெரிய துண்டை வெட்டினார். இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டி உருக்கினார். கரண்டியும் கையுமாக வெளியே நடந்தார்.

"பூட்ஸுக்குப் போடப் போறாரு போல," என்றாள் ஜூரா. "சம்பந்தி வர்றாருல்ல, பளபளன்னு நிக்கணும்."

பெரிஸாத் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

*

சம்பந்தி அசான்குல் வாசல்படியில் கால் வைத்தபோதே வீடு கொஞ்சம் சிறியதானது போலிருந்தது. அத்தனை பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அத்-பாஷியில் பால் பண்ணையின் மெக்கானிக். கூடவே அவர் மனைவி, தலைத்துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.

அறையின் தலைமாட்டில், மரியாதை இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார், தேநீர் குடித்தார், வறுத்த மாவுத் துண்டுகளைக் கை நிறைய அள்ளினார்.

"எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்க தினம் என் பேரைச் சொல்லித்தான் எந்திரிக்கிறாங்க, சம்பந்தி. அன்பால இல்லை. பால்ல ஆடை பிரிக்கிற கைமிஷின் இருக்கே, அது வீட்டுக்கு வீடு உடைஞ்சு கிடக்கு. ஸ்பேர் கிடையாது. அசான்குல் செத்தானா இருக்கானான்னு கேட்டு ஆளனுப்புறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து விரிப்பில் அவிழ்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம். பாதிப் பற்கள் மொழுக்கென்று தேய்ந்து போயிருந்தன.

"வசந்தம் வந்தா எல்லாரும் மாட்டை ஓட்டிட்டு மலைப் புல்வெளிக்குப் போயிடுவாங்க. அதுக்குள்ள இதை மாதிரி ஒரு கூடை வேணும். பித்தளைத் தகடு வண்டியில வச்சிருக்கேன். நம்ம மாப்பிள்ளை பட்டறை வச்சிருக்காரே, கறி வேகறதுக்குள்ள ஒண்ணு வெட்டிக் காட்டுறது. என்ன மாப்ளே?"

திலெக்கின் காது மடல் சிவந்தது. "வெட்டலாம் மாமா," என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டிருக்கும்.

குபாத் எழுந்து நடைக்கு வந்து, பெரிஸாத்தின் முழங்கையைப் பிடித்தார். "நீ வா. நீ ஓட்டு. அவன் பக்கத்துல நிக்கட்டும்."

"நான் ஓட்டினா, ஓட்டுறது நான்னு அவருக்குத் தெரியாதா?"

"உதவிக்கு வந்திருக்கேன்னு சொல்லிக்கலாம். அக்கா தம்பிக்கு உதவி பண்றதுல என்ன தப்பு? வாயை மட்டும் திறக்காதே."

அவள் அப்பாவைப் பார்த்தாள். காலையில் கிண்ணத்தின்மேல் வைத்த அதே கை இப்போது அவள் முழங்கையில் கெஞ்சிக்கொண்டிருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவளுக்கு எந்திரத்தின்மேல் நம்பிக்கை. அது பொய் சொல்லாது.

பல்சக்கரத்தை அளந்து கணினியில் வரைய அவளுக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம் போதும். அதற்குள் திலெக் பட்டறையின் நிலக்கரி அடுப்பை மூட்டிவிட்டான். வெளியே பனி காலடியில் நறநறக்கிற குளிர். பட்டறைக்குள் மூச்சு புகையாய் வந்தது. அசான்குல் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியிலிருந்த கனத்த இரும்புத் தளத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"லாரிச் சட்டமா இது?"

"என்னோட பழைய லாரி," என்றார் குபாத் பெருமையாக. "நானே வெல்டு வச்சேன். உள்ள கல்லும் பிசினும் கொட்டி இறுக்கியிருக்கு. மலை மாதிரி, அசையாது."

அதில் பொய் இல்லை. அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தில் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. அவள் கோடு போட்டுக் கொடுப்பாள், அவர் வெல்டு வைப்பார். ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. பேச்சு தேவைப்படாத வேலை.

"ஸ்க்ரூவும் புதுசா இருக்கே. இது என்ன வகை, மாப்ளே?"

திலெக் ஸ்க்ரூவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "நல்ல வகை மாமா."

அசான்குலின் ஒரு புருவம் மேலே போனது.

பெரிஸாத் தகட்டை வைஸில் இறுக்கி, கட்டரை மாட்டி, எந்திரத்தை அதன் தொடக்க மூலைக்கு அனுப்பினாள். மூலை அடுப்புப் பக்கம். சத்தமில்லாமல் போய் நின்றது. ஓட்டம் எப்போதையும்விடக் கொஞ்சம் மந்தம் என்று ஒரு கணம் தோன்றியது. "குளிர்," என்று நினைத்துக்கொண்டாள். மெதுவான வேகத்தில் ஒரு முறை வெறும் ஓட்டம் விட்டுப் பார்க்கலாம் என்று திரும்புவதற்குள், நான்தான் மாப்பிள்ளை என்று காட்டியாக வேண்டிய திலெக் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டான்.

ஸ்பிண்டில் சீறியது. தலை ஜன்னல் பக்கம் கிளம்பியது. பாதி தூரத்தில் மோட்டார் முனகியது, தடதடவென்று உதறியது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே அதற்கு மறந்துபோனது. மறந்த இடத்திலிருந்தே வெட்ட இறங்கியது. தகட்டில் இறங்க வேண்டிய கட்டர் வைஸின் தாடையில் இறங்கி, பட்டென்று ஒடிந்து, சுவரில் தெறித்தது.

பெரிஸாத் சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

எல்லோருக்கும் முதலில் எட்டியது வாசனைதான்.

அசான்குல் மூக்கை உறிஞ்சினார். "கொழுப்பு வச்ச சம்சா சுடுறீங்களா இங்க?"

பெரிஸாத் ரெயிலின்மேல் விரலை வைத்து இழுத்தாள். விரலில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒரு சுருள் வந்தது. அடுப்புப் பக்கம் உருகி வழிந்து கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் கல்லாய் உறைந்திருந்தது. ரெயில் முழுக்க, ஸ்க்ரூ முழுக்க, பளபளவென்று தெரிந்த ஒவ்வொரு இடத்திலும். முகர்ந்தாள். வால்கொழுப்பு.

பூட்ஸுக்கு இல்லை.

"பொண்ணுங்க நோண்டினா இப்படித்தான்," என்றார் குபாத் அவசரமாக, சம்பந்தியைப் பார்த்து. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. அவ எதையோ மாத்தி வச்சிருக்கா."

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்பா." அவள் குரல் உயரவே இல்லை. "இதுல கொழுப்பைத் தடவினது யாரு?"

குபாத் தொப்பியைச் சரிசெய்தார்.

"காலையில நான் கேட்டதுக்கு அப்புறம் கரண்டியோட வந்தீங்களே. இங்கதானே வந்தீங்க?"

"புதுசா ஒரு பொருள் ஒருத்தன் கைக்கு வர்றப்ப கொழுப்பு தடவி ஆசீர்வாதம் பண்றது தப்பா? எங்கப்பா என் முதல் லாரிக்குத் தடவினாரு. ஸ்டியரிங்ல, கதவுல, எல்லாத்துலயும். முப்பது வருஷம் அது என்னைக் கவுக்கலை."

"யார் பேரைச் சொல்லித் தடவினீங்க?"

குபாத் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா. ஆசீர்வாதம்னா பேர் சொல்லணுமே. யார் பேரு?"

"திலெக் பேரு," என்றார் குபாத். பிறகு குரல் ஏறியது. "பின்ன யார் பேரைச் சொல்லுவேன்? நீ காலையில வந்து என் மூஞ்சிக்கு நேரா அப்படிக் கேட்ட பிறகு, எது யாருதுன்னு அல்லாவுக்கும் தெரியட்டும்னுதான் பண்ணினேன்!"

அடுப்பில் கரி ஒன்று வெடித்தது. அசான்குல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திலெக்கின் முன்னால் போய் நின்றார். அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது.

"மாப்ளே, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த மிஷினைக் கட்டினது யாரு?"

திலெக்குக்குத் தப்பிக்க வழி இருந்தது. 'ரெண்டு பேரும் சேர்ந்து' என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் கண் அதைத்தான் கெஞ்சியது. அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "அக்கா," என்றான். "எனக்கு அந்தப் பச்சைப் பொத்தான் மட்டும்தான் தெரியும் மாமா. அதையும் தப்பா அமுக்கிட்டேன்."

அசான்குல் சிரிக்கவில்லை. "நான் பொண்ணைக் கொடுக்கிறது மிஷினுக்கு இல்லை, சம்பந்தி," என்றார் குபாத்திடம். "பையன் ஆடு மேய்க்கிறான்னு சொல்லியிருந்தீங்கன்னா, சரி, மேய்க்கட்டும்னு தலையாட்டியிருப்பேன். இல்லாததை எதுக்குச் சொன்னீங்க? நான் வீட்டுல கலந்துட்டு வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பறேன்."

"கறி வெந்துட்டு இருக்கு, சம்பந்தி. பங்கு வைக்கணும்…"

"இன்னொரு நாள் ஆகட்டும்."

போகிற போக்கில் தேய்ந்த பல்சக்கரத்தை பெரிஸாத்தின் கையில் வைத்தார். "செய்ய முடிஞ்சா செய்யும்மா. எந்தப் பட்டறையில செஞ்சாலும் எனக்குச் சரிதான்."

*

சம்பந்தி வண்டி தெருமுனை திரும்பும்வரை குபாத் வாசலில் கைகட்டி நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"என் மானத்தை வாங்கிட்டே."

"நான் கேள்விதான் கேட்டேன். மானம் போனது உங்க பதில்லதான்ப்பா."

"ஒரு முழு ஆடு!" என்று உள்ளேயிருந்து ஜூராவின் குரல் கேட்டது. அவள் துக்கம் அவளுக்கு. "ஒரு முழு ஆடு சட்டியில கிடக்கு, உக்காந்து தின்ன ஆளில்லை!"

"கடைசியா சொல்றேன்," என்றார் குபாத். "நான் வாங்கினது திலெக்குக்கு. கல்யாணம் நின்னாலும் நடந்தாலும், அந்த மிஷின் திலெக்குக்கு. இதுல மாத்தம் இல்லை."

காலையிலிருந்து பெரிஸாத்தின் நெஞ்சில் கொதித்தது அப்போதுதான் அடங்கி, தெளிந்து, ஒரு முடிவாக உறைந்தது. கோபம் தீர்ந்துவிடவில்லை. இனி அதற்கு வேலை இருந்தது.

"சரிப்பா," என்றாள். "நீங்க வாங்கினது திலெக்குக்கு."

குபாத்துக்கே ஆச்சரியம். இவள் இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளா?

பட்டறைக்குள் போனாள். மேசைக்கு அடியிலிருந்து நான்கு மரப்பெட்டிகளை இழுத்தாள். எதையும் தூக்கி எறியாத வீட்டில் பிறந்தவள் அவள். எந்திரத்திலிருந்து கழற்றிய ஒவ்வொன்றும் அதில் இருந்தது: ஆடுகிற அலுமினியச் சட்டம், வழுக்குக் கம்பிகள், தேய்ந்த மரை, பொம்மை மோட்டார்கள், உறை கிழிந்த வயர்கள். வீட்டில் எந்திரத்தை மேம்படுத்துகிற எவனிடமும் பழைய எந்திரம் ஒன்று இப்படித் துண்டு துண்டாக, சாகாமல் பெட்டிக்குள் கிடக்கும். எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. பெரிஸாத்துக்கு இன்று தெரிந்தது.

அலன் கீயை எடுத்தாள்.

முதலில் ஸ்பிண்டில். பிறகு மோட்டார்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, ரெயிலிலிருந்த கொழுப்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்துக் கழற்றினாள். வாசலில் வந்து நின்ற திலெக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"எதைப் பிடிக்கணும்?"

"அந்த ஸ்க்ரூவை. கீழ போட்டே, உன்னைக் கொன்னுடுவேன்."

"அக்கா… நூரிஸா இப்ப என்னை என்ன நினைப்பா?"

"பொய் சொல்லத் தெரியாதவன்னு நினைப்பா. அதுல உனக்கு லாபம்தான்."

"அவளுக்கு இது தெரிஞ்சா சிரிப்பா. பொத்தானை அமுக்கினதைச் சொன்னா ரொம்ப நேரம் சிரிப்பா." அவனே சிரித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு இந்த மிஷின் வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?"

"வேணாம்னும் நீ சொல்லலையே."

திலெக் ஸ்க்ரூவை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டான்.

குபாத் வந்தபோது மேசைமேல் அந்தப் பழைய எந்திரம் முழுசாக நின்றது. காஷ்கரிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. பெரிஸாத் பிளக்கைச் செருகினாள். அது கீச்சிட்டது, குலுங்கியது, ஒரு பலகைத் துண்டில் கோணலாக ஒரு கோடு போட்டுக் காட்டியது.

"ஓடுது," என்றாள். "கரண்டி செதுக்கலாம். அவசரப்படுத்தாம கேட்டா பூவும் செதுக்கும். நீங்க வாங்கினது இதுதான்ப்பா. ஒரு திருகாணி குறையலை. எண்ணிப் பார்த்துக்கங்க."

குபாத் அந்த எந்திரத்தைப் பார்த்தார். சுவரோரம் கம்பளித் துணியில் சுற்றி அடுக்கியிருந்த ரெயில்களையும் மோட்டார்களையும் பார்த்தார். அவர் போட்ட கோட்டை அவள் தாண்டவே இல்லை. அதன்மேலேயே நடந்து வெளியே போய்விட்டாள்.

"இதெல்லாம் எங்க எடுத்துட்டுப் போறே?"

"மலைக்கு அந்தப் பக்கம், கோச்கோர் ஊருக்கு. கம்பளம் பண்ற பொம்பளைங்க கூடம் ஒண்ணு இருக்கு. பின்னறை காலியா கிடக்கு, வந்துடுன்னு கூப்பிட்டாங்க. வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லியிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டுட்டேன்."

பக்கத்து வீட்டு முகாஷின் வேன் வாசலில் பின்னுக்கு வந்து நின்றது. திலெக்கும் முகாஷும் பெட்டிகளை ஏற்றினார்கள். ஜூரா ஓடிவந்து, சுடச்சுடக் கறியைப் பாத்திரத்தோடு துணியில் கட்டி முன்சீட்டில் வைத்தாள். திட்டிக்கொண்டேதான் வைத்தாள். "போடி, போ. எங்க போனாலும் திமிரோட போ. தின்னுட்டாவது போ." மகளின் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் அவள் விரல் நின்றுவிட்டது. பெரிஸாத் அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இறக்கிவிட்டாள்.

புது எந்திரத்தில் அவள் எடுக்காமல் விட்டது, தரையில் பதித்திருந்த அந்த லாரித் தளம் மட்டும். அதைக் கடைசியாக ஒருமுறை பார்க்க உள்ளே வந்தவள், அதன் பக்கத்தில் அப்பா நிற்பதைப் பார்த்தாள்.

"இதை விட்டுட்டே?"

"அது உங்க லாரி. வெல்டு நீங்க வச்சது. என்னோடதுன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"அந்தப் பொம்மை மிஷின் இது மேல உக்காருமா?"

"உக்காராதுப்பா. துளை வேற."

குபாத் தளத்தின் விளிம்பை உள்ளங்கையால் தடவினார். "இது இல்லாம உன் சாமான் ஆடுமே. தளம் எங்க கிடைக்கும் உனக்கு?"

"செய்வேன்."

"வெல்டு வைக்க?"

"கத்துக்குவேன்."

அவள் குரலில் வீம்பு இல்லை. நாளைக்கு என்ன வேலை என்று சொல்கிற குரல். அதுதான் குபாத்தைச் சுட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிஸாத் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, பட்டறைக் கதவைத் தாண்டி, முற்றத்துப் பனியில் இறங்கி, வாசல் கேட்டைத் தானே சாத்திவிட்டு வேனில் ஏறினாள்.

முகாஷ் சாவியைத் திருகிய நேரம், மதிலுக்கு அந்தப் பக்கம் பட்டறையில் கிரைண்டர் அலறத் தொடங்கியது. இரும்பை இரும்பு தின்கிற சத்தம். பலகை இடுக்குகளில் பொறி தெறித்தது. அப்பா அந்தத் தளத்தையா அறுக்கிறார்? அவளுக்குப் பெயர்த்துக் கொடுக்கவா, யாருக்கும் ஆகாமல் செய்யவா?

"கொஞ்சம் நிக்கட்டுமா?" முகாஷ் கேட்டான். "பார்த்துட்டு வர்றியா?"

பெரிஸாத் கறிப் பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணே. கணவாயைப் பனி மூடறதுக்குள்ள போகணும். வண்டியை எடுங்க."